நீரை வெறுக்கும் புகைக்கரி மேகத்துக்குக் கருவாவது எப்படி?

"புகைத்துகள் நீராவியை இழுத்துக்கொள்ளும், அதைச் சுற்றி மேகத்துளி உருவாகும்." மேகங்களைப் பற்றிய பேச்சில் இந்த வாக்கியம் எங்காவது வந்துவிடுகிறது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வருகிறது: "அப்படியென்றால் புகை கூடினால் மழையும் கூடும்." முதல் வாக்கியம் பாதி உண்மை. இரண்டாவது, பல நேரங்களில் உண்மைக்கு நேர் எதிரானது.

அடுப்பிலிருந்தோ இயந்திரத்திலிருந்தோ அப்போதுதான் வெளிவந்த புகைக்கரி நீரோடு ஒட்டாது. மேகத்துளிக்குக் கருவாக வேண்டுமென்றால், அது காற்றில் சில காலம் அலைந்து, தன் மேற்பரப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த இடைப்பட்ட பயணத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டு "துகள் வந்தது, துளி வந்தது" என்று முடித்துவிடுவதால்தான் இத்தனை குழப்பம். அறிவியல் பின்னணி இல்லாதவர்களும் தொடரும்படி, அந்தப் பயணத்தை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

மூச்சுக்காற்றும் கண்ணாடியும்

குளிர்ந்த கண்ணாடியின் மேல் ஊதினால் அது மங்கிவிடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த மங்கலில் ஆயிரக்கணக்கான நீர்த்துளிகள் தெரியும். மூச்சில் இருந்த நீராவி குளிர்ந்து, கண்ணாடியின் மேல் நீராகப் படிந்திருக்கிறது. நீராவி இப்படி நீராக மாறுவதை "ஆவி சுருங்குதல்" என்று சொல்வார்கள்.

இங்கே இரண்டு விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று குளிர்ச்சி. மற்றொன்று, படிவதற்கு ஓர் இடம். வானத்தில் குளிர்ச்சிக்குப் பஞ்சமில்லை. காற்று மேலே எழும்போது அழுத்தம் குறைவதால் விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. மேகம் உருவாகும் வரை ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குறைந்துகொண்டே போகும். ஆனால் அங்கே கண்ணாடி ஏது? அந்த இடத்தைத் தருபவைதான் காற்றில் மிதக்கும் நுண்துகள்கள்: கடல் உப்பு, மண்தூசி, கந்தகத்திலிருந்து உண்டாகும் சல்பேட் துகள்கள், புகை. மேகத்துளி உருவாக இடம் கொடுக்கும் துகளை இனி "மேகக் கரு" என்று அழைப்போம்.

அளவுகளை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. மேகக் கரு ஒன்றின் விட்டம் பெரும்பாலும் 0.1 மைக்ரான் அளவில் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கருவின் மேல் வளரும் மேகத்துளிக்கு 10 முதல் 20 மைக்ரான் வரை விட்டம். கீழே விழும் மழைத்துளி ஒன்று 2 மில்லிமீட்டர் இருக்கலாம். மேகக் கருவைக் கடுகளவுக்குப் பெரிதாக்கினால், மேகத்துளி ஒரு பெரிய பானை அளவுக்கு வரும். மழைத்துளி பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உயரத்தை எட்டும். துளி என்ற ஒரே சொல்லால் குறித்தாலும், மேகத்துளிக்கும் மழைத்துளிக்கும் நடுவே இருக்கும் தூரம் அவ்வளவு பெரியது. கட்டுரையின் பிற்பகுதியில் இது நமக்குத் தேவைப்படும்.

தெவிட்டு நிலை

காற்று ஒரு பஞ்சைப் போல ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, தாங்க முடியாதபோது சொட்டவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த உவமை நம்மைத் தவறான பாதையில் கொண்டுபோய்விடும். ஒரு மண்டபத்தின் வாசலை நினைத்துக்கொள்வது மேல். சிலர் உள்ளே போகிறார்கள், சிலர் வெளியே வருகிறார்கள். நீர்ப்பரப்பிலும் இதுதான் நடக்கிறது. மூலக்கூறுகள் ஓயாமல் நீரைவிட்டு வெளியேறுகின்றன. ஆவியாக இருப்பவை ஓயாமல் நீருக்குத் திரும்புகின்றன. இரண்டு எண்ணிக்கையும் சமமாகும் நிலையே தெவிட்டு நிலை. ஒப்பு ஈரப்பதம் 100 விழுக்காடு என்று வானிலை அறிக்கை சொல்வது இதைத்தான். வெளியேறும் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. குளிர்ந்தால் வெளியேறுவோர் குறைவார்கள். அப்போது அதே அளவு நீராவியே 100 விழுக்காட்டைத் தொட்டுவிடும், தாண்டியும் போகும். தாண்டிய நிலைக்கு மீதெவிட்டு நிலை என்று பெயர்.

இதுவரை எளிது. ஒரு நுணுக்கம் மட்டும் இங்கே ஒளிந்திருக்கிறது. அந்த 100 விழுக்காடு, தட்டையான, தூய நீர்ப்பரப்பை வைத்து வகுத்த கணக்கு. மேகத்துளி தட்டையும் இல்லை, தூயதும் இல்லை. அது உருண்டை என்பதால் ஒரு சிக்கல் வருகிறது. அதில் ஏதோ கரைந்திருக்கிறது என்பதால் அந்தச் சிக்கல் தீர்கிறது. மேகக் கருவைப் பற்றிய அறிவியல் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கும் இழுபறிதான்.

துகளே இல்லாத காற்றில் என்ன நடக்கும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை. 1875இல் பிரான்சில் கூலியேவும், 1880இல் ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கனும் தனித்தனியாக இதைச் சோதித்தார்கள். எய்ட்கனின் சோதனை மிக எளிமையானது. ஒரு கண்ணாடிக் கலத்தில் சாதாரணக் காற்று, மற்றொன்றில் பஞ்சின் வழியாக வடிகட்டிய காற்று. இரண்டிலும் நீராவியைச் செலுத்தினார். சாதாரணக் காற்று இருந்த கலம் வெண்மூட்டத்தால் நிறைந்தது. வடிகட்டிய காற்று தெளிவாகவே நின்றது. இதைவிடத் துலக்கமான விடை வேறு எப்படிக் கிடைக்கும்!

அதற்குப் பிறகு சி.டி.ஆர். வில்சன் தூசியற்ற காற்றை மேலும் மேலும் விரியவைத்துக் குளிர்வித்துப் பார்த்தார். தெவிட்டு நிலைக்குத் தேவையானதைப்போல் சுமார் நான்கு மடங்கு நீராவி இருந்தபோதுதான் துளிகள் தோன்றின. அவையும் காற்றிலிருந்த மின்னேற்றம் பெற்ற அயனிகளைப் பற்றிக்கொண்டே தோன்றின. இந்த ஆய்வு வளர்ந்து அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் மேகக்கலமாகி, 1927இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது.

உண்மையான மேகங்களில் ஈரப்பதம் நானூறு விழுக்காட்டை நெருங்குவதே இல்லை. பெரும்பாலும் 100.1 முதல் 100.5 வரை, 101ஐத் தாண்டுவதே அரிது. துகள்கள் இல்லாவிட்டால் நாம் பார்க்கும் மேகங்கள் இருக்காது என்று சொல்வதன் பொருள் இதுதான்.

குட்டித் துளியின் பிடி தளர்கிறது

துகள் இல்லாதபோது ஏன் இவ்வளவு மீதெவிட்டு நிலை தேவைப்படுகிறது? சிலர் கைகோத்துக்கொண்டு சமதரையில் நெருக்கமாக நிற்கிறார்கள். ஒவ்வொருவரையும் சுற்றிலும் பலர் பிடித்திருக்கிறார்கள். அதே கூட்டம் ஒரு சிறு பந்தின் மேல் நிற்க வேண்டியிருந்தால்? பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் சற்றுக் கீழே சரிந்து நிற்பார்கள், பிடி தளரும். நீர் மூலக்கூறுகளும் அப்படித்தான். வளைந்த பரப்பில் இருக்கும் மூலக்கூறை இழுத்துப் பிடிக்க அண்டை மூலக்கூறுகள் குறைவு. எனவே அது எளிதாகத் தப்பி ஆவியாகிவிடுகிறது. உருண்டை சிறியதாக ஆக, வளைவு கூடும், தப்பிப்பதும் கூடும். இதைக் கெல்வின் பிரபு 1871இல் கணக்காக எழுதிக்காட்டினார். அதனால் இதற்குக் கெல்வின் விளைவு என்று பெயர்.

கணக்கைப் பாருங்கள். 20 நானோமீட்டர் விட்டமுள்ள தூய நீர்த்துளி ஆவியாகாமல் நிலைத்திருக்க ஏறத்தாழ 112 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும். (ஒரு மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கே நானோமீட்டர்.) 100 நானோமீட்டர் துளிக்கு ஏறத்தாழ 102 போதும். 20 மைக்ரான் துளிக்கு 100.01 இருந்தால் சரி. சில டஜன் மூலக்கூறுகள் மட்டுமே சேர்ந்த பிஞ்சுத் துளிக்கோ பல நூறு விழுக்காடு தேவை. பெரிதாகிவிட்டால் வாழலாம், ஆனால் சிறிதாக இருக்கும் காலத்தைக் கடக்க முடியாது.

துகள் செய்யும் முதல் உதவி இதுதான். அது துளியைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கவிடாமல், 100 நானோமீட்டரிலிருந்து தொடங்கவைக்கிறது. நீராவியை அது காந்தம்போல இழுப்பதில்லை. வந்து மோதும் மூலக்கூறுகள் தங்குவதற்குப் போதிய அளவு பெரிய பரப்பைக் கொடுக்கிறது, அவ்வளவே.

ஆனாலும் கணக்கு இடிக்கிறது. 100 நானோமீட்டர் துகளுக்கு 102 விழுக்காடு தேவை. மேகத்தில் கிடைப்பதோ 100.5. இந்த இடைவெளியை நிரப்ப இரண்டாவது உதவி வேண்டும்.

கரைந்த உப்பு கொடுக்கும் தள்ளுபடி

மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு நீர்விட்டுக் கசிவதைப் பார்த்திருப்போம். காற்றின் ஈரப்பதம் 100ஐத் தொடாதபோதே உப்பு அங்கே நீரைத் தேடிக்கொள்கிறது. காரணம், நீரில் உப்பு கரைந்ததும் பரப்பில் உள்ள இடங்களில் ஒரு பங்கை உப்பின் அயனிகள் பிடித்துக்கொள்கின்றன. வெளியேறக்கூடிய நீர் மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறைகிறது. திரும்பி வருவோர் எண்ணிக்கையில் மாற்றமில்லை. ஆகவே நீர் சேர்கிறது. கெல்வின் விளைவு துளியைக் கலைக்கப் பார்க்கிறது. கரைசல் அதைக் காக்கிறது.

இந்த இரண்டையும் ஒரே சமன்பாட்டில் சேர்த்தவர் சுவீடன் நாட்டு வானிலை அறிஞர் ஹில்டிங் கோலர். 1936இல் வெளியான அவருடைய கட்டுரை இன்றும் மேக இயற்பியலின் அடித்தளமாக நிற்கிறது. அவர் காட்டிய படத்தைச் சொற்களில் இப்படிச் சொல்லலாம். கரையக்கூடிய துகள் ஒன்று ஈரக் காற்றில் மெல்ல வீங்குகிறது. வீங்க வீங்க அதன் கரைசல் நீர்த்துப்போகிறது. உப்பின் காப்பு குறைகிறது. எனவே இன்னும் சற்று வளர, இன்னும் சற்றுக் கூடுதல் ஈரப்பதம் தேவை. மேட்டில் வண்டி ஏற்றுவதைப் போன்றது இது. ஆனால் மேட்டுக்கு ஓர் உச்சி உண்டு. அதைத் தாண்டிவிட்டால், துளி பெரிதாகப் பெரிதாக வளைவுச் சிக்கல் குறைந்துகொண்டே வரும். அதன்பின் வண்டி தானே உருளும். துளி நிற்காமல் வளர்ந்து மேகத்துளியாகிவிடும்.

உச்சிக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்ட துகள்கள்தான் புழுக்கமான நாள்களில் தொலைவிலுள்ள மலைகளை மங்கலாக்கும் மூட்டம். உச்சியைக் கடந்தவை மேகம். இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றே என்பதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

உச்சியின் உயரம் துகளின் அளவையும் அது எதனால் ஆனது என்பதையும் பொறுத்தது. அம்மோனியம் சல்பேட் என்ற, நீரில் கரையும் உப்பின் 100 நானோமீட்டர் துகளுக்கு 100.15 விழுக்காடு போதும். அதே அளவுள்ள, நீரில் நனையும் ஆனால் கரையாத துகளுக்கு 102 வேண்டும்.

சுருக்கமாக, நல்ல மேகக் கருவுக்கு இரண்டு தகுதிகள் வேண்டும்: போதிய அளவு, நீரில் கரையும் பொருள். இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு புகைக்கரியைப் பார்ப்போம்.

புகைக்கரி என்பது என்ன?

எரிபொருள் போதிய ஆக்சிஜன் இல்லாமல் எரியும்போது, அதிலுள்ள கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாக மாறுவதில்லை. மிச்சம் கருப்பு உருண்டைகளாகத் திரள்கிறது. ஒவ்வொரு உருண்டையும் 10 முதல் 50 நானோமீட்டர் வரை இருக்கும். அவை சுடரிலேயே ஒன்றோடொன்று ஒட்டி, மணிகளைக் கோத்ததுபோல் கிளைவிட்ட சங்கிலிகளாகின்றன. இதுவே புகைக்கரி. புகை என்ற சொல்லால் இதை மட்டும் குறிக்க முடியாது. புகையில் கரியோடு தார் போன்ற கரிமப் பொருள்களும் உப்புகளும் வாயுக்களும் கலந்திருக்கும். இந்த வேறுபாட்டை மறந்துவிடுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

மெழுகுவத்திச் சுடரின் மஞ்சள் பகுதியில் ஒரு பழைய பீங்கான் தட்டின் அடிப்பக்கத்தைக் காட்டினால் கரி படியும். தட்டு ஆறிய பிறகு அந்தக் கரியின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். நீர் பரவாது. முத்தாகத் திரண்டு நிற்கும். தட்டைச் சாய்த்தால் உருண்டு ஓடிவிடும். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் சொல்வதைக் கரியின் மேல் அப்படியே பார்க்கலாம். கார்பன் பரப்பு நீர் மூலக்கூறுகளைப் பிடித்துவைப்பதில்லை. கரிப்படிவின் நுண்ணிய மேடுபள்ளங்கள் அந்த வெறுப்பை இன்னும் கூட்டுகின்றன.

ஆகப் புதிய புகைக்கரி இரண்டு தகுதிகளிலும் தோற்கிறது. பெரும்பாலும் மிகச் சிறியது. கரைவதும் இல்லை, நனைவதும் இல்லை. புகைபோக்கியிலிருந்து வந்த அந்த நிமிடத்தில் அதை ஒரு மேகத்துக்குள் விட்டாலும், நீராவி அதைக் கடந்து பக்கத்திலுள்ள சல்பேட் துகளுக்கே போய்ச் சேரும்.

கரி போர்த்திக்கொள்ளும் மேலாடை

மாற்றம் காற்றில் நடக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது கந்தக டை ஆக்சைடு என்ற வாயுவும் வெளியேறுகிறது. சூரிய ஒளி தூண்டும் வேதிவினைகளால் அது கந்தக அமில ஆவியாகிறது. அந்த ஆவிக்கும் படிவதற்கு ஓர் இடம் வேண்டும். கரித்துகள் அருகிலேயே இருக்கிறது. அமிலம் கரியின் மேல் படிகிறது. காற்றிலுள்ள அம்மோனியா அதோடு சேர்ந்தால் அம்மோனியம் சல்பேட் என்ற உப்பாகிறது. மரங்களிலிருந்தும் எரிபொருள்களிலிருந்தும் வரும் கரிம ஆவிகளும் அதன் மேல் படிகின்றன. ஓசோன் போன்ற வாயுக்கள் கரியின் மேற்பரப்பை ஆக்சிஜனேற்றம் செய்து, நீர் ஒட்டக்கூடிய முனைகளை உண்டாக்குகின்றன. சில நேரம் கரித்துகள் ஒரு சல்பேட் துகளோடு மோதி ஒன்றாகிவிடுவதும் உண்டு. இவற்றையெல்லாம் சேர்த்துக் கரி முதிர்தல் என்று சொல்லலாம்.

முதிரும்போது வடிவமும் மாறுகிறது. நனைந்த தூரிகையின் இழைகள் ஒன்றாக ஒட்டிக்கொள்வதுபோல், மேலே படிந்த திரவத்தின் பரப்பு இழுவிசை கிளைகளை உள்ளே இழுக்கிறது. விரிந்து கிடந்த சங்கிலி இறுகிய உருண்டையாகிறது.

இதற்கு எவ்வளவு காலம் ஆகும்? வாயுக்கள் மிகுந்த, வெயில் காயும் காற்றில் சில மணி நேரத்திலேயே நடந்துவிடும். தூய, குளிர்ந்த காற்றில் நாள்கணக்கில் ஆகலாம். இரவில் மெதுவாகும். இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: கரியைத் தந்த அதே எரிதல்தான், பல இடங்களில், கரியை மேகக் கருவாக்கும் கந்தகத்தையும் தருகிறது. புகை தனக்கான மேலாடையைத் தானே கொண்டுவருகிறது.

மேலாடை தடிமனாக இருக்கத் தேவையில்லை. 100 நானோமீட்டர் துகளின் பருமனில் பத்தில் ஒரு பங்கு மட்டும் அம்மோனியம் சல்பேட்டாக இருந்து, மிச்சமெல்லாம் கரியாக இருந்தாலும், தேவைப்படும் ஈரப்பதம் 102இலிருந்து ஏறத்தாழ 100.5க்கு இறங்கிவிடும். 100.5 என்பது மேகத்தில் கிடைக்கக்கூடிய அளவு! கரியின் வேலை இப்போது தெளிவாகிறது. உள்ளே இருந்து அளவைத் தருவது கரி. வெளியே இருந்து நீரை ஏற்பது மேலாடை. "கரி நீராவியை இழுக்கிறது" என்று சொல்லும்போது மேலாடையின் வேலையைக் கரியின் பெயரில் எழுதிவிடுகிறோம்.

காட்டுத்தீயின் புகை சற்று வேறு. அதில் பொட்டாசியம் உப்புகளும் நீரில் ஓரளவு கரையும் கரிமப் பொருள்களும் கரியோடு சேர்ந்தே வெளிவருகின்றன, துகள்களும் பெரியவை. அவற்றில் ஒரு பங்கு பிறக்கும்போதே மேகக் கருவாகத் தகுதி பெற்றுவிடுகிறது.

பாட்டிலுக்குள் மேகம்: அந்தச் சோதனை எதைக் காட்டுகிறது?

பிளாஸ்டிக் பாட்டிலில் சிறிது வெதுவெதுப்பான நீர் ஊற்றி, அணைத்த தீக்குச்சியின் புகையை உள்ளே விட்டு மூடி, பாட்டிலை அழுத்திவிட்டுச் சட்டென்று விட்டால் உள்ளே மேகம் தோன்றும். மீண்டும் அழுத்தினால் மறையும். புகை இல்லாமல் செய்தால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு எதுவும் வராது, அல்லது மிக மெல்லிய மூட்டம் வரும். விரிந்தால் குளிரும் என்பதையும் துகள் தேவை என்பதையும் ஒருசேரக் காட்டும் அழகான சோதனை இது.

ஆனால் இதைக் காட்டிவிட்டு "பார்த்தீர்களா, கரி மேகத்தை உண்டாக்குகிறது" என்று சொல்லிவிடக் கூடாது. தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. அது எரிந்தால் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு மிஞ்சும். கந்தகச் சேர்மங்களும் வரும். பாட்டிலுக்குள் புகுந்த புகையில் நீரை விரும்பும் துகள்கள் ஏற்கெனவே நிறைய. மேகத்தை உண்டாக்கியதில் அவற்றின் பங்கைக் கரிக்குக் கொடுத்துவிட முடியாது.

புதிய கரியே நேரடியாக நீரை ஏற்கும் இடம் ஒன்றும் உண்டு. உயரத்தில் பறக்கும் ஜெட் விமானத்தின் பின்னால் நீளும் வெண்கோடு. விமான எரிபொருள் எரியும்போது நீராவியும் வருகிறது. ஒரு கிலோ எரிபொருளுக்கு, ஒரு கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் எண்ணிக்கையிலும் அதற்கு மேலும் கரித்துகள்கள் வெளியேறக்கூடும். வெளியே சுமார் மைனஸ் 40 டிகிரி அல்லது அதற்கும் கீழான குளிர். சூடான ஈரப்புகை அந்தக் குளிர்காற்றோடு கலக்கும் நொடியில் மீதெவிட்டு நிலை மிகவும் உயர்ந்துவிடுகிறது. வழக்கமான மேகத்தில் தகுதியற்றதாக நிற்கும் கரித்துகள் அங்கே தேறிவிடுகிறது. அதன் மேல் படியும் நீர் உடனே உறைந்து பனித்துகளாகிறது.

கருக்கள் கூடினால் மழை கூடுமா?

இப்போது அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். ஒரு மேகத்தில் துளியாகக்கூடிய நீரின் அளவைப் பெரும்பாலும் முடிவு செய்பவை காற்று எவ்வளவு ஈரத்தோடு எழுகிறது, எவ்வளவு உயரம் எழுகிறது, எவ்வளவு குளிர்கிறது என்பவை. கருக்களைக் கூட்டினால் நீர் கூடுவதில்லை. இருக்கும் நீர் இன்னும் பலருக்குப் பங்கு போகிறது. தூய கடல்காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐம்பது, நூறு மேகத்துளிகள் இருக்கும். மாசடைந்த நிலப்பரப்பின் மேல் பல நூறு, சில நேரம் ஆயிரம்.

துளிகளின் எண்ணிக்கை எட்டு மடங்கானால், ஒவ்வொன்றின் விட்டமும் பாதியாகும். மொத்த மேற்பரப்பு இரண்டு மடங்காகும். கண்ணாடித் துண்டு ஒளியை ஊடுருவ விடும். அதையே பொடித்தால் வெண்மையாகத் தெரியும். பரப்புகள் கூடக்கூட ஒளிச்சிதறல் கூடுகிறது. அதேபோல் சிறுதுளி மேகம் கூடுதல் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இதை 1970களில் விளக்கியவர் ஷான் ட்வோமி. அவர் பெயராலேயே ட்வோமி விளைவு என்கிறார்கள். கடலின் மேல் கப்பல்கள் போகும் பாதையில், மேகத்தின் நடுவே பளிச்சென்ற கோடுகள் 1960களிலிருந்தே செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தன. அந்தக் கோடுகளில் பெரும்பங்கு கந்தகத்தால் உருவான துகள்களுடையது. 2020இல் கப்பல் எரிபொருளில் அனுமதிக்கப்பட்ட கந்தக அளவு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதும், அந்தக் கோடுகளின் எண்ணிக்கையும் குறைந்தது.

மழையின் நிலை என்ன? 20 மைக்ரான் துளி ஒன்று 2 மில்லிமீட்டர் மழைத்துளியாக வேண்டுமென்றால், அப்படிப்பட்ட பத்து லட்சம் துளிகள் சேர வேண்டும். நீராவி படிந்து மட்டும் அந்த அளவை எட்ட நெடுநேரம் ஆகும். பெரிய துளிகள் வேகமாக விழுந்து, வழியிலுள்ள சிறு துளிகளை மோதிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 40 மைக்ரான் விட்டமுள்ள துளிகள் சில தோன்றிய பிறகே இது வேகம் பிடிக்கும். எல்லாத் துளிகளும் ஒரே மாதிரிச் சிறியவையாக இருந்தால், அவை காற்றோடு சேர்ந்து மிதந்து ஒன்றையொன்று விலகிப் போய்விடும். இதனால்தான் புகை மண்டிய ஆழமற்ற மேகங்களில் மழை தாமதமாகிறது, அல்லது பெய்யாமலே போகிறது. ஆழமான இடிமேகங்களில் துளிகள் உறைவதும் வெப்பம் வெளிப்படுவதும் சேர்ந்து கணக்கைச் சிக்கலாக்கும். அங்கே எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விதி இல்லை. ஆனால் "புகை கூடினால் மழை கூடும்" என்று பொதுவாகச் சொல்ல எந்த அடிப்படையும் கிடையாது.

கரிக்கு மட்டும் உள்ள இன்னொரு முகம்

சல்பேட் துகள் ஒளியைச் சிதறடிக்கும். கரி ஒளியை விழுங்கும். விழுங்கிய ஒளி வெப்பமாகிச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கும். சூடான காற்றில் ஒப்பு ஈரப்பதம் குறையும். மேகம் இருக்கும் உயரத்தில் கரி மிகுந்திருந்தால், துளிகள் ஆவியாகி மேகமே மெலியக்கூடும். ஒரு கையால் கருவாக உதவும் அதே துகள் மறுகையால் மேகத்தைக் கலைக்கிறது. எந்தக் கை மேலோங்கும் என்பது, கரி மேகத்துக்குள் இருக்கிறதா, மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

கார்மேகம் கருமையாக இருப்பதற்குக் காரணம் புகைக்கரி என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தக் கருமை மேகத்தின் தடிமனால் வருவது. ஒளி மேலேயே சிதறித் திரும்பிவிடுகிறது. அடிப்பகுதிக்கு மிகக் குறைவாகவே வந்து சேர்கிறது. அதே மேகத்தை விமானத்திலிருந்து பார்த்தால் கண்ணைக் கூசும் வெண்மையில் இருக்கும்.

துளி ஆவியானால் கரி எங்கே போகும்?

மேகத்துளிகளில் பெரும்பாலானவை மழையாவதே இல்லை. மேகத்தின் ஓரத்தில் உலர்ந்த காற்று கலக்கும்போது ஆவியாகிவிடுகின்றன. நீர் போகும்; உள்ளே இருந்த கரி போகாது. துளியாக இருந்த நேரத்தில் அது இன்னும் கொஞ்சம் கந்தக டை ஆக்சைடைக் கரைத்துச் சல்பேட்டாக மாற்றி வைத்திருக்கும். எனவே மேகத்துக்குள் போனபோது இருந்ததைவிடத் தடித்த மேலாடையோடு துகள் வெளியே வருகிறது. அடுத்த மேகத்தில் அது இன்னும் எளிதாக உச்சியைக் கடக்கும். இப்படிச் சில மேகங்களுக்குள் போய்வந்த பிறகு, ஏதோ ஒன்றில் மழைத்துளியோடு சேர்ந்து இறங்குகிறது. புகைக்கரி காற்றில் தங்கும் காலம் சராசரியாக ஒரு வாரம் அளவில்தான். நீரை வெறுத்துக்கொண்டே இருந்தால் அது இன்னும் நெடுநாள் மிதந்திருக்கும்; நீரை ஏற்கக் கற்றதே அதைத் தரைக்குக் கொண்டுவருகிறது.

அடுத்த மழையின்போது முதல் சில துளிகளை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் பிடித்து, தூசி படாமல் வற்றவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு துளி இருந்த இடத்திலும் மெல்லிய வளையம் மிஞ்சும். அதில் மண்தூசி இருக்கும், உப்பு இருக்கும், மகரந்தம்கூட இருக்கலாம். சற்றே சாம்பல் நிறம் தட்டினால், அதில் கொஞ்சம், எங்கோ எரிந்த தீயிலிருந்து கிளம்பிய கரியாக இருக்கக்கூடும்.